முகாமா, வீடு தேடிப் போவதா, சேர்ந்து போவதா, தாமே எடுத்துக் கொடுப்பதா? கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கடலோர ஊர்களுக்கு ஏற்ற வழி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே உள்ள ஒரு கடலோரக் கிராமத்தின் மகளிர் குழுத் தலைவி சில வாரங்களுக்கு முன் ஒரு கேள்வியோடு வந்தார். அவர் ஊரில் ஒரே ஆண்டில் இரண்டு பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள். இருவரும் நோய் முற்றிய பிறகே மதுரைக்குப் போனவர்கள். இனி அப்படி ஒருவரும் போகக் கூடாது என்று குழு கூடி, சேமிப்பிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தையும் உழைப்பையும் எதில் போடுவது என்பதில் குழுவுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. முகாம் நடத்தலாம் என்கிறார்கள் சிலர். வீடு வீடாகப் போய்ப் பேசினால் போதும் என்கிறார்கள் சிலர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்து போய்வரலாம் என்பது மூன்றாவது யோசனை. மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், அங்கே பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்று சொன்னதில் நான்காவதும் சேர்ந்துகொண்டது. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் இதே கேள்வி வேறு வேறு வடிவில் வந்திருப்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் வருவதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்

"எங்கள் சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற ஒரே வாக்கியத்தில் இந்தக் கேள்வியை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைகூட இல்லை என்பதை எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வசிக்கும் இடத்துக்கே அனுப்பியது. கட்டணம் கிடையாது, தூரமும் கிடையாது. அப்படியிருந்தும் பலர் வரவில்லை. காரணம் தேடிய காட்ஃப்ரே ஹோக்பாம், இர்வின் ரோசன்ஸ்டாக் முதலிய உளவியலாளர்கள் உருவாக்கியதுதான் இன்று 'சுகாதார நம்பிக்கை மாதிரி' என்று பாடப்புத்தகங்களில் இருப்பது. 'இந்த நோய் எனக்கும் வரலாம்', 'தொந்தரவு தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்தால் நன்மை உண்டு' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்ததை ஹோக்பாம் கண்டார். இரண்டையும் நம்பாதவர்களில் அப்படி எடுத்திருந்தவர்கள் 21 சதவீதம் பேர்தான்.

இரண்டாவது நம்பிக்கைதான் நம் பக்கத்தில் மிகவும் பலவீனமாக இருக்கிறது. "சும்மா கிடந்த சங்கை எதற்கு ஊதிக் கெடுக்க வேண்டும்" என்று ஒரு கருவாட்டு வியாபாரி அம்மா என்னிடம் சொன்னார். நோய் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்பதில்தான் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அவர் அறிந்து கேன்சர் என்று பெயர் சொல்லப்பட்ட யாரும் பிழைத்ததில்லை. முற்றிய நிலையில் போனவர்களை மட்டுமே பார்த்த ஊருக்கு வேறு எந்த முடிவும் தோன்றாது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் உண்டாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே செல்களில் மாற்றம் தொடங்குகிறது என்பதும், அந்த நிலையில் சில நிமிடச் சிகிச்சையில் அதை அகற்றிவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம் என்பதும் அவருக்குச் சொல்லப்படவே இல்லை.

இந்தச் சுகாதார நம்பிக்கை மாதிரியை வைத்துச் செய்த ஆய்வுகளை 1984இல் தொகுத்துப் பார்த்தபோது, நம்பிக்கைகளைவிடத் தடைகளே மனிதர்களின் நடத்தையை மிக வலுவாகத் தீர்மானிப்பது தெரியவந்தது. கூச்சம், கூலி இழப்பு, போக்குவரத்து, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமை ஆகியவைதான் அந்தத் தடைகள்.

இதற்கு அடுத்த கட்டத்தில் வரும் ஓர் ஆய்வை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. இங்கிலாந்தில் பாஸ்கல் ஷீரன், ஷீனா ஆர்பெல் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வந்திருந்த பெண்களில் ஒரு பிரிவினரிடம், எப்போது, எங்கே, எப்படி முன்பதிவு செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். மற்றவர்களிடம் அப்படிக் கேட்கவில்லை. போக வேண்டும் என்ற எண்ணம் இரு பிரிவினருக்கும் ஒரே அளவில்தான் இருந்தது. எழுதியவர்களில் 92 சதவீதம் பேர் பரிசோதனைக்குப் போனார்கள். எழுதாதவர்களில் 69 சதவீதம் பேர். நாளும் நேரமும் வழியும் குறிக்கப்படாத நல்லெண்ணம் அடுப்படி வேலையில் கரைந்துவிடுகிறது.

இவை தவிர, நேரில் தெரிந்த மருத்துவரோ செவிலியரோ "நீங்கள் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்வது ஆய்வுக்கு ஆய்வு மிக வலுவான தூண்டுதலாகத் தென்படுகிறது. அழைப்புக் கடிதமும் தொலைபேசி நினைவூட்டலும் வருகையைக் கூட்டுகின்றன. சுவரொட்டியில் 'செய்தால் நன்மை' என்று எழுதுவதா, 'செய்யாவிட்டால் ஆபத்து' என்று எழுதுவதா என்பதில் பலர் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். பின்னாளில் வந்த தொகுப்பாய்வுகளில் அந்த வேறுபாட்டின் பலன் மிகச் சிறியதாகவே தெரிகிறது. குழுவின் பணத்தைச் சுவரொட்டியில் போட வேண்டாம் என்று இதை வைத்தே சொல்லலாம்.

நம் நிலை என்ன? 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்திய அளவில் இது 1.9 சதவீதம். நாட்டின் சராசரியைவிடப் பல மடங்கு மேலே இருக்கும் நம்மிடமே பத்தில் ஒன்பது பேர் பரிசோதனை மேசையைப் பார்த்ததில்லை.

எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம். முதலாவது, இதுவரை ஒரு முறையும் வராதவரை இது கொண்டுவருமா, அல்லது எதற்கும் வருகிறவர்களையே மறுபடியும் கொண்டுவருமா. இரண்டாவது, மறைவு: உடல் மறைவு மட்டுமல்லாமல், இவள் எதற்குப் போனாள் என்று ஊர் பேசாமல் இருக்கும் மறைவும் இதில் சேரும். மூன்றாவது, இழக்கும் கூலி. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் 2021 முதல் இருப்பதால் பஸ் காசு பெரிய தடையாக இல்லை. மீன் இறங்கும் நாளில் வேலைக்குப் போகாமல் இருப்பதுதான் இழப்பு.

நான்காவது கேள்வியை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். சந்தேகம் என்று வந்த பெண்ணுக்கு முடிவு போய்ச் சேருமா, அவர் அடுத்த படிக்குப் போவாரா? பரிசோதனை மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. முடிவைக் கேட்டுச் சிகிச்சைக்குப் போகிறவரைத்தான் அது காப்பாற்றுகிறது. ஐந்தாவது, சில ஆண்டுகள் கழித்து மறுபடி செய்ய வேண்டிய நாளில் இந்த ஏற்பாடு உயிரோடு இருக்குமா என்பது.

ஒரு நாள் முகாம்

முகாமுக்கு ஒரு பெரும் பலம் உண்டு: கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவதைப் பார்க்கும் பெண்ணுக்கு, நூறு துண்டறிக்கை கொடுக்காத தைரியம் வருகிறது. மருத்துவர் ஊருக்கே வருகிறார் என்பதில் ஊருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

பந்தல், சாப்பாடு, ஒலிபெருக்கி ஆகியவற்றின் செலவு எல்லோருக்கும் தெரியும். தெரியாத செலவுகள் வேறு. நம் கடற்கரையில் முகாம் என்றால் பள்ளிக்கூட வகுப்பறையிலோ புயல் பாதுகாப்பு மையத்திலோதான் நடக்கும். கட்டிலைச் சுற்றிச் சேலையைக் கட்டி மறைத்தாலும், வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கும். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பது) தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெளுப்புத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதே அங்கு நடக்கும் சோதனை. அதற்கு நல்ல வெளிச்சமும் அவசரமில்லாத கண்ணும் வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கையில் இரண்டும் குறைகின்றன. மாதவிடாய் நாளில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது என்பதால், முகாம் நாளில் விலக்கில் இருக்கும் பெண்கள், எவ்வளவு விருப்பம் இருந்தாலும், விடுபட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு நாள் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் சோதிக்க வேண்டிய பகுதி உள்ளே சென்றுவிடுவதால், இந்த முறையை அவர்களுக்கு முழுமையாக நம்ப முடியாது என்பதையும் முகாமில் யாரும் நின்று விளக்குவதில்லை.

நான் உடனிருந்து நடத்திய ஒரு முகாமில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வருகை நன்றாக இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். சந்தேகம் என்று குறிக்கப்பட்டவர்களின் பட்டியலை, மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்திருந்த மருத்துவக் குழு எடுத்துச் சென்றது. அவர்களே அழைத்துச் சொல்வதாக ஏற்பாடு. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெண், கடலில் பாசி எடுக்கப் போகிறவர், தம் எண் என்று கொடுத்திருந்தது துபாயில் இருக்கும் மகனின் எண். அவரிடம் கைபேசி இல்லை. மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போனபோது, "ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் நல்லாத்தானே இருக்கு" என்றார். பாறையில் கை கிழியாதிருக்கத் துணிப்பட்டை சுற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே அதைச் சொன்னார். அன்று முதல், பதிவேட்டில் எண்ணை எழுதும் ஒவ்வொரு முறையும் 'இது யாருடைய போன்' என்று நான் கேட்காமல் இருந்ததில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முகாமுக்கு ஏற்றது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் கூலி இழப்பு குறைவு, வீட்டில் ஆண்களும் இருப்பார்கள். முகாமைப் பரிசோதனைக்கு வைப்பதைவிட, அறிமுகத்துக்கு வைத்து, அன்றே ஒவ்வொருவருக்கும் சுகாதார நிலையத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால் அதன் பலம் முழுவதும் கிடைக்கும்; பலவீனம் பெரும்பாலும் விலகும்.

வீடு தேடிப் போவது

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு ஒரு பெண் தன்னார்வலரை வரவைத்திருக்கிறது. அந்தத் தன்னார்வலருக்கு எந்த வீட்டில் முப்பது கடந்த பெண் எத்தனை பேர், யார் மருமகள், யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். ஒரு முறையும் வராதவரை அடைவதில் இதற்கு இணையான வழி இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில், வெளியிடத்தில் நடக்கும் எந்தக் கூட்டத்துக்கும் வராத பெண்கள், வீட்டின் உள்முற்றத்தில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். கேட்க நினைத்து யாரிடமும் கேட்காத கேள்விகளை அங்கேதான் கேட்பார்கள்.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2014இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வு இந்த வழிக்கு வலுவான சான்று. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் வீடு வீடாக அழைத்து, அசிட்டிக் அமிலச் சோதனையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் கற்றுக்கொண்டு செய்த வேலை அது.

வீட்டில் பேச முடியும், சோதனை செய்ய முடியாது என்பது இதன் எல்லை. பேச்சு 'போகிறேன் அக்கா' என்பதோடு நின்றுவிட்டால், இங்கிலாந்து ஆய்வில் தாளில் எழுதாத பிரிவின் நிலைதான். மறைவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: வருகிறவர் அதே தெருக்காரர். வெள்ளைப்படுதல் பற்றியோ உறவின்போது ரத்தம் படுவது பற்றியோ அவரிடம் சொன்னால் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. ஒரு பனையோலை வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் மருமகள் எதையும் வாய் திறக்க மாட்டாள். அதனால் தன்னார்வலர் வழியாகப் பேச்சைத் தொடங்கி, அந்தரங்கமான பகுதியைக் கிராம செவிலியரிடம் விடுவதே முறை. தன்னார்வலரின் முதுகில் ஏற்கெனவே மாத்திரைப் பையும் கணக்கும் இருக்கின்றன. இன்னொரு வேலையை ஊதியமில்லாமல் ஏற்றினால் இரண்டாவது மாதத்திலேயே அது பெயரளவுக்கு வந்துவிடும். குழு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி அவருடைய நேரத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாள் குறித்துச் சேர்ந்து போவது

ஐந்து ஆறு பேராக, முன்பே பேசி வைத்த நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வருவதுதான் இந்த வழி. எளிமையாகத் தோன்றுவதால் பலர் இதை ஒரு திட்டமாகவே நினைப்பதில்லை. நான்கில் எதை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டால் இதையே முதலில் சொல்வேன்.

முதல் காரணம், அந்த இங்கிலாந்துத் தாள் இங்கே தானாகவே உண்டாகிவிடுகிறது. ஒரு குழுவில் நாங்கள் செய்தது இப்படி: பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில், 'வெள்ளி, 9 மணி பஸ், சின்னம்மா மகளோடு, பிள்ளையை ஆத்தாவிடம் விட்டு' என்று அவரவர் கையாலோ மகள் கையாலோ எழுதி, சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்துக்கொள்ளச் சொன்னோம். 'சின்னம்மா மகளோடு' என்ற இரண்டு சொல்தான் அதில் மிகவும் வேலை செய்தது. தனியாகப் போகாமல் இருக்க ஆயிரம் காரணம் கிடைக்கும்; வாசலில் வந்து நிற்கும் சின்னம்மா மகளைத் திருப்பி அனுப்பக் காரணம் கிடைப்பது கடினம்.

இரண்டாவது, நாளை ஊரின் வேலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். ராமேசுவரம், பாம்பன் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருகின்றன. மீன் தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது, விற்பது என்று அந்தக் காலைகளில்தான் பெண்களுக்கு வேலை. அந்த ஊர்களில் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இலகு. மற்ற நாள்களில் கடலுக்குப் போகும் நாட்டுப்படகுகள் உள்ள ஊரில் இந்தக் கணக்கு மாறும். மன்னார் வளைகுடாப் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் நீர் வற்றும் நாள்களைப் பார்த்தே தீவுகளுக்குப் போகிறார்கள். அவர்களிடம் காலண்டரைக் காட்டி அவர்களையே நாள் சொல்லச் சொல்ல வேண்டும். விலக்கு நாளில் விழும் பெண் அடுத்த வாரக் குழுவில் சேர்ந்துகொள்ளலாம் என்பதால், முகாமில் நேர்ந்த அந்த இழப்பும் இங்கே இல்லை.

மூன்றாவது காரணம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வருகிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி, ரங்கசாமி சங்கரநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர், அதாவது பத்தில் ஆறு பேருக்கும் மேல், வந்தனர். பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குக் கருவி வைத்து உற்றுப் பார்த்து, மாற்றமடைந்த செல்களை உறையவைத்து அகற்றும் சிகிச்சையையும் அவர்களே தந்தார்கள். புற்றுநோய் உண்டாவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. அதே அமிலச் சோதனை மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், இன்று தாராசிவ் என்று பெயர் மாறியிருக்கும் மாவட்டத்தில், ஒரு முறை மட்டும் செய்யப்பட்டபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. சோதனையின் பெயர் ஒன்றுதான்; பார்க்கும் கண்ணின் பயிற்சியும், பார்த்த பிறகு சிகிச்சை எவ்வளவு அருகில் கிடைக்கிறது என்பதும் இடத்துக்கு இடம் வேறு. ஆகவே நாள் குறிக்கும் முன் குழு சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சோதனை செய்பவர் பெண்ணா? அந்தக் கிழமையில் அவர் கட்டாயம் இருப்பாரா? சந்தேகம் வந்தால் அடுத்து எங்கே, என்றைக்கு அனுப்புவார்கள்? ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், முதலிலேயே மதுரை என்று பயமுறுத்த வேண்டியதில்லை.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு. சேர்ந்து போகும்போது ஒருத்தியின் முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது பெரிது. 'உனக்கு என்ன சொன்னார்கள்' என்று திரும்பும் பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை என்று முன்பே பேசி வைப்பதும், எல்லோரையும், முடிவு எதுவானாலும், ஒவ்வொருவராக உள்ளே அழைத்து ஒரே அளவு நேரம் பேசும்படி செவிலியரைக் கேட்டுக்கொள்வதும் இதற்கு மருந்து. இன்னொன்று, ஒரு நாள் போய் 'இன்றைக்கு ஆள் இல்லை' என்று திரும்பினால், அந்த ஆறு பேரும் மறுபடி வருவது மிக அரிது. அவர்களோடு அந்தத் தெருவின் நம்பிக்கையும் போய்விடும். முதல் நாள் மாலையில் செவிலியருக்கு ஒரு போன் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குவது செலவில்லாத காப்பு.

தனித்து வாழ்பவர், குழுவில் இல்லாதவர், ஊரோடு மனத்தாங்கல் உள்ளவர் ஆகியோர் இந்த வழியில் விடுபடுவார்கள். அவர்களுக்கு வீடு தேடிப் போவதுதான்.

தாமே மாதிரி எடுத்துக் கொடுப்பது

ஹெச்.பி.வி. என்ற வைரஸ் நீண்ட காலம் தங்கிவிடுவதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூல காரணம். அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, பஞ்சு சுற்றிய குச்சியையோ சிறு தூரிகையையோ பெண் தானே உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். மேசையில் படுக்க வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். ஆய்வகத்தில் தக்க முறையில் சோதித்தால், செவிலியர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழ இணையான துல்லியம் கிடைக்கிறது. இப்படிச் செய்ய வாய்ப்புக் கொடுத்தபோது பரிசோதனைக்கு உட்படுகிறவர்கள் ஏறத்தாழ இரு மடங்காகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 2019இல் கண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் ஹெச்.பி.வி. சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. முப்பது வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பது பாசி எடுக்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! உஸ்மானாபாத் ஆய்வில் ஒரே ஒரு முறை செய்த ஹெச்.பி.வி. சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மலேசியாவைப் பற்றி அந்த ஊர்க்காரர் சொன்னதும் சரிதான். மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுத்து முடிவைக் கைபேசியில் பெறும் ஏற்பாடு அங்கே 2018 முதல் நடக்கிறது.

மறைவு என்ற அளவுகோலில் இதற்குப் போட்டியே இல்லை. ஆனால் மற்ற மூன்றிலும் இல்லாத ஒரு பாரம் இதில் இருக்கிறது. ஹெச்.பி.வி. உடலுறவால் பரவுவது. கணவர் ஆறு மாதம் வளைகுடாவிலோ கடலிலோ இருக்கும் வீட்டில், 'வைரஸ் இருக்கிறது' என்ற ஒரு வரி எத்தனை பழிக்கு இடம் கொடுக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வாழ்நாளில் பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று வந்துபோகிறது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே மறைகிறது. பல ஆண்டுக்கு முன் வந்தது இன்று தெரியவும் கூடும். இதையெல்லாம் மாதிரி எடுப்பதற்கு முன்பே சொல்லாமல் குச்சியைக் கொடுப்பது தவறு என்றே கருதுகிறேன். முடிவுச் சீட்டு மூடிய உறையில், பெண்ணின் கையில் மட்டும் போக வேண்டும். 'இது புற்றுநோய் இல்லை, ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும்' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கொடுக்க வேண்டும்.

ஆய்வகம் வேண்டும், கருவிக்கும் சோதனைக்கும் பணம் வேண்டும், முடிவு வரக் காத்திருக்கவும் வேண்டும். தொற்று இருக்கிறது என்று வந்தவர் கடைசியில் மேசைக்குப் போகத்தான் வேண்டும். கூச்சம் தள்ளிப்போகிறதே தவிர, எல்லோருக்கும் நீங்குவதில்லை. குழுவின் சேமிப்பில் இதைத் தனியாக நடத்துவது இயலாது. மாவட்ட நிர்வாகமோ மருத்துவக் கல்லூரியோ சேர்ந்தால் மட்டுமே தொடங்கலாம். அப்படி ஓர் ஏற்பாடு கிடைக்குமானால், எத்தனை முறை பேசியும் மேசைக்கு வர மறுக்கும் பெண்களுக்கும், அமிலச் சோதனை சரிவரப் பயன்படாத ஐம்பது கடந்தவர்களுக்கும் இதையே முதலில் கொடுக்க வேண்டும்.

அந்தக் குழுவுக்கு நான் சொன்னது

ஒரே வழியில் எல்லாப் பணத்தையும் போட வேண்டாம் என்றேன். அவர்கள் ஊரில் பாசி எடுக்கும் பெண்கள் பாதிக்கு மேல், கூட்டத்துக்கு வராத இருபது வீடுகள் இருக்கின்றன என்று தலைவியே கணக்குச் சொன்னார். அந்த இருபது வீட்டுக்குத் தன்னார்வலரும் செவிலியரும் போக வேண்டும். மற்றவர்கள் ஆறு ஆறு பேராகச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தடைக்காலத்தில் ஒரே ஒரு நாள் ஊர்க் கூட்டம்போல ஒரு முகாம் நடத்தி, அதில் பெண்களுக்கு நாள் குறித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த முகாமில் ஆண்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடலுக்குப் போகாமல் அவர்கள் தொடர்ந்து கரையில் இருக்கும் நாள்கள் அவை. புகையிலை போடுபவர்களின் வாயை டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். திருவனந்தபுரத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களுக்கு இப்படி வாயைப் பார்த்துச் சிகிச்சைக்கு அனுப்பியதில் வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புருசன் முதலில் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தால், மனைவியை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுவதில் அவருக்குத் தயக்கம் இருக்காது என்று ஒரு மூத்த மீனவர் சொன்னார். அது சரி என்றே எனக்கும் படுகிறது.

பணத்தில் மிக முக்கியமான செலவாக நான் கேட்டுக்கொண்டது ஒரு நீள நோட்டு. பெயர், வயது, போன் எண், அந்தப் போன் யார் கையில் இருக்கிறது, போன தேதி, முடிவு கையில் சேர்ந்த தேதி, அடுத்த இடத்துக்கு யார் உடன் போனார், மறுபடி செய்ய வேண்டிய ஆண்டு என்று எட்டுக் கட்டம். முடிவு என்ன என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. அது செவிலியரின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். கடைசிக் கட்டம் காலியாக உள்ள பெயரைத் தலைவி மாதம் ஒரு முறை வாசித்துப் பார்ப்பார். தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கிவிடும் என்பதால், மார்ச் முதல் வாரத்திலேயே நோட்டில் பெயர்களை எழுதத் தொடங்குவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.